பார்க் ஏரியில எந்தப் பறவை எங்க நிக்கும்? தண்ணியோட ஆழத்தைப் பாருங்க

சென்னைப் புறநகர்ல பார்க்குக்குள்ள ஏரி இருக்குன்னு சொல்றோம், உண்மையில ஏரியைச் சுத்திதான் பார்க்கைப் போட்டிருக்காங்க. சிட்லபாக்கம், செம்பாக்கம், போரூர், கொரட்டூர், ரெட்டேரின்னு எந்தப் பக்கம் போனாலும் முதல்ல அங்க இருந்தது ஏரிதான், அதுவும் அழகுக்காக வெட்டினது இல்ல, நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சறதுக்காகக் கட்டினது. அப்புறம் வயல் எல்லாம் பிளாட் ஆச்சு, பாசனம் நின்னுச்சு, ஏரி மட்டும் மிச்சம். அதோட கரையைப் பலப்படுத்தி பேவர் பிளாக் போட்டு, கம்பி வேலி, பெஞ்ச், லைட், பசங்களுக்கு ஊஞ்சல், ஒரு மூலையில ஓப்பன் ஜிம். காலையில அஞ்சரைக்கே வாக்கிங் கூட்டம் வந்துடும். நடக்கும்போது தண்ணியில ஏதோ கருப்பா நீந்துறதைப் பாத்து "அங்க பாரு வாத்து"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, பாதி நேரம் அது வாத்தே இல்ல.

பறவை பேரெல்லாம் மனப்பாடம் பண்ணணும்னு இந்தக் கட்டுரையில சொல்லப் போறதில்ல. ஒரே ஒரு விஷயம் புரிஞ்சா போதும்: ஏரியில எந்தப் பறவை எந்த இடத்துல இருக்கும்ங்கறதை முக்காவாசி முடிவு பண்றது அங்க இருக்குற தண்ணியோட ஆழம். இது புரிஞ்சுட்டா பேர் தானா ஒட்டிக்கும். அதோட உங்க ஏரியா ஏரியை "சீரமைக்கிறோம்"னு ஜேசிபி வந்து நிக்கும்போது என்ன கேக்கணும்னும் தெரிஞ்சுடும்.

முதல்ல ஏரியோட உருவம். குளம் மாதிரி எல்லா பக்கமும் தோண்டினது இல்ல நம்ம ஊர் ஏரி. லேசா சரிஞ்சு போற நிலத்துல, தண்ணி ஓடிப்போற பக்கம் மட்டும் வளைவா ஒரு மண் கரை போட்டு மறிச்சு வச்சிருக்காங்க, அவ்வளவுதான். சாய்ச்சு வச்ச தாம்பாளத்துல தண்ணி ஊத்தினா எப்படி ஒரு ஓரத்துல தேங்கி நிக்குமோ அப்படி. அதனால கரைகிட்ட ஆழம் அதிகம், கரைக்கு எதிர்ப்பக்கம் போகப்போக கொறைஞ்சு கொறைஞ்சு முழங்கால், கணுக்கால், அப்புறம் வெறும் சேறு, அப்புறம் புல்லுன்னு முடியும். தண்ணி வயலுக்குத் திறந்துவிடுற மதகு கரையிலதான் இருக்கும், ஏரி நெறைஞ்சா மிச்சத் தண்ணி வழிஞ்சு போறதுக்கு கலங்கல் இருக்கும். ஒரு ஏரி கலங்கல்ல வழியிற தண்ணி அடுத்த ஏரிக்குப் போகும், அதுல இருந்து அதுக்கு அடுத்தது, இப்படி சங்கிலியா. தென்சென்னைப் பக்கம் இருக்குற நெறைய ஏரிங்க இப்படி வழிஞ்சு வழிஞ்சு கடைசியில பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல போய் சேரும், அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல்.

இப்ப நாம நடக்குற வாக்கிங் ட்ராக் எங்க இருக்கு? பெரும்பாலும் கரை மேல. அதாவது ஏரியோட ஆழமான பக்கத்துல நின்னுக்கிட்டு நாம "இங்க பெருசா பறவையே இல்லையே"ன்னு சொல்றோம். பறவைங்கள்ல பாதிக்கு மேல எதிர்ப்பக்கம், தண்ணி கம்மியா இருக்குற இடத்துல, கண்ணுக்குப் புள்ளியா தெரியுற தூரத்துல மேஞ்சுக்கிட்டு இருக்கும். நம்ம ஊர் நிலம் மேற்குலேர்ந்து கிழக்கா கடலைப் பாத்துச் சரியறதால பல ஏரிகள்ல கரை கிழக்குப் பக்கமாத்தான் இருக்கும். அதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு, காலையில கரை மேல நின்னு பாத்தா சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னாடி, வெளிச்சம் நேரா பறவை மேல விழும், கலர் பளிச்சுன்னு தெரியும். சாயங்காலம் அதே இடத்துல நின்னா கண்ணு கூசும், எல்லாமே கருப்பு நிழலாத்தான் தெரியும்.

சரி, கரைகிட்ட இருந்து ஆரம்பிப்போம். கரைக்குக் கொஞ்சம் தள்ளி, ஆழமான தண்ணியில, கோழிக்குஞ்சை விட கொஞ்சம் பெருசா, உருண்டையா, பழுப்பா ஒண்ணு மிதக்கும், நீங்க பாத்துக்கிட்டே இருக்கும்போது டப்புன்னு காணாமப் போயி பத்தடி தள்ளி வேற எங்கயோ எழும்பும். அதுதான் முக்குளிப்பான். நிறைய பேர் வாத்துக்குஞ்சுன்னு நெனைச்சுப்பாங்க. வாத்துக்கும் அதுக்கும் சொந்தமே கிடையாது. கால் உடம்போட ரொம்ப பின்பக்கத்துல இருக்கும், தண்ணிக்குள்ள தள்ளிக்கிட்டுப் போறதுக்கு அது அருமையான அமைப்பு, ஆனா தரையில நடக்கச் சொன்னா தடுமாறும். அதனால கூடே தண்ணி மேலதான், பாசி, தண்டு எல்லாம் சேத்து மிதக்குற மாதிரி கட்டி, பக்கத்துல இருக்குற செடியில மாட்டி வச்சுடும். கூட்டை விட்டுப் போகணும்னா முட்டை மேல பாசியை இழுத்து மூடிட்டுப் போகும், மேலேர்ந்து பாக்குற காக்காவுக்கு அது ஏதோ குப்பைன்னுதான் தெரியும். குஞ்சு பொரிச்ச சமயம்னா அம்மா முதுகு மேல ஏறி சவாரி போறதையும் பாக்கலாம், அது மட்டும் கண்ணுல மாட்டிச்சுன்னா அன்னிக்கு வாக்கிங் கணக்கு அம்போதான்.

அதே ஆழத்துல நீர்க்காகம். கருப்பு, கொக்கி மாதிரி வளைஞ்ச அலகு முனை, முங்கி மீன் புடிக்கும். அதோட இறகு தண்ணியை முழுசா தடுக்காது, நனையும், நனைஞ்சா உடம்பு கனமாகும், கனமானா முங்குறது ஈசி. அதுக்கு விலையா மேல வந்ததும் ஏதாவது கம்பி மேலயோ காய்ஞ்ச கெளை மேலயோ நின்னு ரெண்டு றெக்கையையும் விரிச்சுக் காயவைக்கும். பார்க் நடுவுல ஃபவுண்டன் பைப் இருந்தா அது மேலதான் ஆஜர். இதோட சொந்தக்காரன் பாம்புத்தாரா, உடம்பு முழுக்க தண்ணிக்குள்ள, கழுத்து மட்டும் வெளிய வளைஞ்சு நெளிஞ்சு வரும், முதல் தடவை பாக்குறவங்க பாம்புன்னே அலறுவாங்க. நீர்க்காகம் கொக்கி அலகால கவ்விப் புடிக்கும், பாம்புத்தாரா நேரான கூர் அலகால குத்தும். ரெண்டுக்கும் நம்ம ஏரிகள்ல பெரும்பாலும் சாப்பாடு ஜிலேபி மீன்தான், எந்த அழுக்குத் தண்ணியிலயும் பெருகுற மீன் அது.

அதிர்ஷ்டம் இருந்தா கூழைக்கடா. பெரிய உடம்பு, அலகுக்குக் கீழ பை. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் சீசன்ல கூட்டமா பாக்கலாம், சின்ன பார்க் ஏரிக்கு எப்பவாச்சும் வரும். இது முங்காது, மிதந்துக்கிட்டே அலகை விட்டு அள்ளும், கூட்டமா வந்தா மீனை ஒரு பக்கமா ஒதுக்கிட்டு அள்ளும். ஒரு வேளைக்கு நெறைய மீன் வேணும்ங்கறதால மீன் இல்லாத ஏரியை எட்டிக்கூட பாக்காது.

இன்னும் கொஞ்சம் உள்ள போனா கருப்பா, நெத்தியில வெள்ளைப் பட்டையோட கூட்டமா நீந்துதே, அதுதான் நாமக்கோழி. பார்க்குல "வாத்து"ன்னு அதிகமா தப்பா கூப்பிடப்படுறது இதுதான். கால்ல வாத்து மாதிரி விரல்களை இணைக்குற தோல் கிடையாது, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியா அகலமா மடல் மாதிரி இருக்கும். கிளம்பிப் பறக்கும்போது பாருங்க, தண்ணி மேலயே தடதடன்னு ஓடி ஓடி, கஷ்டப்பட்டுத்தான் மேல எழும்பும். வாத்துங்கள்ல நம்ம ஏரிக்கு வர்ற பெரும்பாலான வகை அப்படி ஓடாது, நின்ன இடத்துலேர்ந்தே விசுக்குன்னு மேல கிளம்பும். தூரத்துல இருந்தாலும் இந்த ஒரு வித்தியாசத்தை வச்சு ரெண்டையும் பிரிச்சுடலாம்.

உண்மையான வாத்து எப்படி சாப்பிடும்னு பாத்தா ஆழம் ஏன் முக்கியம்னு சட்டுன்னு புரியும். நம்ம பக்கம் வர்ற வாத்துங்கள்ல நிறைய வகை முழுசா முங்காது. தலையைத் தண்ணிக்குள்ள விட்டு வாலை மேல தூக்கிக்கிட்டு கவுந்து நிக்கும், கழுத்து எட்டுற வரைக்கும் அடியில இருக்குற செடி, விதை, புழு எல்லாத்தையும் மேயும். கழுத்து எவ்வளவு எட்டும்? சுமாரா ஒரு அடி, பெருசா இருந்தா இன்னும் கொஞ்சம். தண்ணி ஆளுயரம் இருந்தா அடியில எவ்வளவு சாப்பாடு கொட்டிக் கெடந்தாலும் அதுக்கு எட்டாது, மேல மிதக்குறதை மட்டும் நம்பி எவ்வளவு நேரம் இருக்கும். வருஷம் முழுக்க இங்கயே இருக்குற புள்ளிமூக்கு வாத்து இந்த ரகம்தான், அலகு கருப்பு, நுனியில மஞ்சள், அலகு ஆரம்பிக்குற இடத்துல ரெண்டு பக்கமும் செவப்புப் புள்ளி. இது ஒண்ணைக் கத்துக்கிட்டா போதும், நம்ம ஊர் வாத்துல பாதி வேலை முடிஞ்சுது. சீழ்க்கைச் சிறகின்னு ஒண்ணு இருக்கு, செம்பழுப்பா, பகல் எல்லாம் ஓரமா கூட்டமா தூங்கி வழியும், இருட்டும்போது விசிலடிச்சுக்கிட்டே பறந்து மேய்ச்சலுக்குப் போகும், மரத்துல கூட உக்காரும். அல்லி படர்ந்த ஏரியா இருந்தா குள்ளத்தாரா, நம்ம வாத்துங்கள்லயே ரொம்ப சின்னது.

வெள்ளையா, ஆரஞ்சு அலகோட, மனுஷனைப் பாத்தா ஓடாம கிட்ட வர்றது? அது யாரோ வளத்து விட்ட வீட்டு வாத்து. அதையும் கணக்குல எழுதிடாதீங்க.

பனிக்கால விருந்தாளிங்க தனி. அக்டோபர், நவம்பர்ல வடக்கே மத்திய ஆசியா, சைபீரியா பக்கமெல்லாம் குளிர் ஏறும்போது அங்கேர்ந்து கிளம்பி ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி இதெல்லாம் இறங்கும், மார்ச் வாக்குல திரும்பிடும். தட்டைவாயனுக்கு அலகு முன்னாடி அகலமா விரிஞ்சு இருக்கும், அலகு ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி வரிசை, தண்ணியை உள்ள இழுத்து வடிகட்டி பூச்சி, விதையை மட்டும் வச்சுக்கும். ஒண்ணு சொல்லிடறேன், வந்த புதுசுல ஆம்பளை வாத்துகூட மங்கலான பழுப்பா பொம்பளை மாதிரியேதான் இருக்கும், கலர் ஏற டிசம்பர், ஜனவரி ஆகும். அதனால நவம்பர்ல புக்ல இருக்குற படத்தையும் எதிர்ல இருக்குற வாத்தையும் மாத்தி மாத்திப் பாத்து மண்டையைப் பிச்சிக்க வேணாம்.

ஆழம் இன்னும் கொறையுது. அல்லி இலை, தாமரை இலை மேல நடந்து போகுதே நீளவால் இலைக்கோழி, அதுக்கு விரல் அவ்வளவு நீளம், உடம்பு எடை பரவிடும், இலை முழுகாது. இதுல முட்டையை அடைகாக்குறது, குஞ்சைப் பாத்துக்குறது எல்லாம் அப்பா வேலை, பொம்பளைப் பறவை முட்டை போட்டுட்டு அடுத்த ஜோடி தேடிப் போயிடும். சம்பு, கோரை அடர்ந்த ஓரத்துல ஊதா கலர்ல, செவப்பு அலகு, செவப்புக் காலோட கோழி சைஸ்ல திரியறது நீலத் தாழைக்கோழி. தண்டைக் கால்ல புடிச்சுக்கிட்டு கடிச்சுத் தின்னும், பாக்கவே ரகளையா இருக்கும். ஆகாயத்தாமரை படர்ந்த ஏரியில இதுவும் கானாங்கோழியும்தான் ராஜா, மத்தவங்களுக்கு அங்க இடமே இருக்காது. ஏன்னா ஆகாயத்தாமரை தண்ணியை மூடிட்டா வெளிச்சம் உள்ள போகாது, அடியில செடி சாகும், ஆக்சிஜன் கொறையும், மீன் கொறையும், முங்கிப் புடிக்குற பறவைக்கு முங்க இடமும் இல்ல புடிக்க ஆளும் இல்ல.

அப்புறம் கணுக்கால் தண்ணி. இங்கதான் உண்மையான கூட்டம். ரொம்ப மெல்லிசா நீளமா பவளக் கலர் காலோட கருப்பு வெள்ளையில நிக்குறது நெடுங்கால் உள்ளான், கால் நீளம் எவ்வளவோ அவ்வளவு தண்ணி வரைக்கும்தான் அதோட எல்லை. அதுக்குப் பக்கத்துல சின்னச் சின்ன உள்ளான் வகைங்க, ஒரு விரல்கடை தண்ணியிலயும் ஈரச் சேத்துலயும் குத்திக் குத்தி புழு எடுக்கும். பெரிய காலு இருக்குறவங்க கொஞ்சம் உள்ள நிப்பாங்க: வெள்ளைக் கொக்கு, சாம்பல் நாரை, மஞ்சள்மூக்கு நாரை. நத்தைகுத்தி நாரைக்கு அலகு மூடினாலும் நடுவுல ஒரு இடைவெளி தெரியும், நத்தையை ஓட்டுக்குள்ளேர்ந்து எடுத்துச் சாப்பிடுற கைவேலைக்குன்னே அமைஞ்ச அலகு. மடையான் தண்ணி ஓரத்துல கல்லு மாதிரி அசையாம நிக்கும், மண்ணு கலர்ல இருக்கறதால கண்ணுக்கே தெரியாது, நீங்க ரெண்டடி கிட்ட போனதும் வெள்ளை றெக்கையை விரிச்சுக்கிட்டு பறக்கும்போதுதான் "இங்கயா இருந்துச்சு"ன்னு தோணும். தண்ணியே இல்லாத காய்ஞ்ச ஓரத்துல ஆட்காட்டி, உங்களைப் பாத்ததும் ஊரையே கூட்டும்.

கரையிலேர்ந்து எதிர் ஓரம் வரைக்கும் ஒரே ஏரிதான், ஆனா ஒவ்வொரு ஆழத்துலயும் வேற வேற குடித்தனம். காலு, கழுத்து, அலகு மூணோட நீளத்தையும் பாத்தீங்கன்னா அது எவ்வளவு தண்ணியில மேயும்னு பேர் தெரியாமலே சொல்லிடலாம்.

இதை வச்சு இன்னொரு புதிரும் அவிழும். வடகிழக்குப் பருவமழை நல்லா கொட்டினா ஏரி நிரம்பும், எல்லாரும் "இந்த வருஷம் பறவை பிச்சிக்கும்"னு எதிர்பாப்பாங்க, போய்ப் பாத்தா நாலு நாமக்கோழியும் ஒரு நீர்க்காகமும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி ஒரே மூச்சுல கொட்டுற மழைக்கு அப்புறம் யோசிச்சுப் பாருங்க, கணுக்கால் தண்ணியா இருந்த இடமெல்லாம் இடுப்பளவு ஆயிடும், காலு நீளமான ஆளுங்களுக்கே நிக்க இடமில்ல. அதோட ஊரைச் சுத்தி காலி மனை, வயல்வெளி எல்லாத்துலயும் தண்ணி, அவங்களுக்கு எங்க வேணா மேயலாம், நம்ம ஏரிக்குத்தான் வரணும்னு என்ன. ஜனவரி, பிப்ரவரியில தண்ணி மெல்ல வத்த வத்த எதிர் ஓரத்துல சேறு வெளிய வரும், மீன் எல்லாம் கொஞ்ச இடத்துல சிக்கும், அப்பத்தான் திருவிழா. மார்ச், ஏப்ரல்ல இன்னும் வத்தினா நாரை, கொக்கு, கூழைக்கடா எல்லாம் மிச்ச மீனுக்குப் போட்டி. நிரம்பறது, வத்தறது ரெண்டும் சேந்துதான் ஏரி. வத்தும்போது காய்ஞ்ச சேத்துல புல்லு முளைச்சு அடுத்த மழையில அது மக்கி, அதுல பூச்சி பெருகி, அந்தப் பூச்சிக்குத்தான் அடுத்த வருஷம் பறவை வருது.

இப்ப புறநகர்ல பல ஏரி வத்தறதே இல்ல. பாசனத்துக்குத் திறந்து விடுற வேலையும் இல்ல, வீட்டுக் கழிவுநீர் வருஷம் பூரா மழைநீர் கால்வாய் வழியா வந்து விழுது. ஏப்ரல் மாசமும் தளும்புதேன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி அது எந்தத் தண்ணின்னு மூக்கால ஒரு தடவை பாத்துக்கணும். இதுல ஒரு பெரிய தப்பு நெறைய பேர் பண்ணுவாங்க, "பறவை நெறைய இருக்கு, அப்போ தண்ணி சுத்தம்"னு. அப்படி இல்லவே இல்ல. கழிவுநீர் வந்து விழுற வாய்கிட்டதான் புழு அதிகம், நெடுங்கால் உள்ளான் அங்கதான் கும்பலா நிக்கும். எத்தனை பறவைங்கறதை விட எத்தனை வகைங்கறதுதான் விஷயம். ஒரே வகை முன்னூறு இருக்குற ஏரியை விட முப்பது வகையில நாலு நாலு இருக்குற ஏரி நல்லா இருக்குன்னு அர்த்தம், ஏன்னா அங்க முப்பது விதமான சாப்பாடும் ஆழமும் மிச்சம் இருக்கு.

பார்க்கா மாத்தும்போது நடக்குறது என்னன்னா, மொதல்ல ஏரியைச் சுத்தி முழு வட்டமா கரை போடுவாங்க. நாலு பக்கமும் நடக்கணும் இல்லையா, அதுக்கு. ஆக்கிரமிப்பைத் தடுக்கவும் அது தேவைன்னு சொல்லுவாங்க, அதுல நியாயமும் இருக்கு, வேலி இல்லாத ஏரி இந்த ஊர்ல என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா. வள்ளுவர் கோட்டம் நிக்குற இடமே நுங்கம்பாக்கம் ஏரியா இருந்ததுதான், தி.நகர் பழைய நெடும் ஏரியைத் தூத்து வந்தது, மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு, வியூ பாக்க லேக்தான் இல்ல, முகப்பேர்ல ஏரித் திட்டம்னே ஒரு நகர் இருக்கு. அதனால எல்லையை உறுதி பண்ற கரையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த வட்டக் கரை எங்க வரும்? ஆழம் கம்மியா இருந்த, சரிவான, சேறான எதிர்ப்பக்கத்து மேலதான் வரும். அப்புறம் தூர் வாரி ஒரே ஆழமா வெட்டுவாங்க, ஓரமெல்லாம் கல்லு பதிப்பாங்க. தண்ணி கொள்ளளவு கூடும், போட்டோவுல பளபளன்னு இருக்கும், கணுக்கால் தண்ணி மட்டும் எங்கயும் மிஞ்சாது. உள்ளான் போச்சு, நாரை போச்சு, மேயுற வாத்து போச்சு. முக்குளிப்பானும் நீர்க்காகமும் நாமக்கோழியும் தங்கும், அவ்வளவுதான் ஏரி.

கொள்ளளவு வேணாம்னு யாரும் சொல்ல முடியாது. 2015ல வெள்ளத்துல மிதந்த அதே ஊரு 2019 கோடையில செம்பரம்பாக்கமும் புழலும் காய்ஞ்சு லாரித் தண்ணிக்கு ராத்திரி முழிச்சிருந்துச்சு. அதனால ஆழப்படுத்தவே கூடாதுன்னு அடம் புடிக்கறதுல அர்த்தமில்ல, எந்தப் பக்கம் ஆழப்படுத்துறீங்கங்கறதுதான் கேள்வி. பழைய கரைகிட்ட எவ்வளவு வேணா தோண்டட்டும், அங்க எப்பவுமே ஆழம்தான். எதிர்ப்பக்கம் ஒரு பங்கையாவது படிப்படியா சரியற மாதிரி விட்டுட்டு, அந்த ஓரத்துல கல்லு பதிக்காம கோரை முளைக்க விட்டா தண்ணியும் நிக்கும் பறவையும் நிக்கும். வரத்துக் கால்வாய்ல வர்ற கழிவுநீரை நிறுத்தாம ஏரியை மட்டும் தூர் வாருறது சும்மா காசு கரைக்குறது, இதுல எனக்கு ரெண்டாவது அபிப்ராயமே கிடையாது.

தோண்டின மண்ணுல நடுவுல திட்டு போட்டு மரம் வைக்குறாங்களே, அது உருப்படியான வேலை. நாய், பூனை, மனுஷன் யாரும் போக முடியாத இடம்ங்கறதால கொக்கு, நீர்க்காகம் எல்லாம் ராத்திரி அடையும், ராத்திரியில மேயுற வக்கா பகல்ல அடையும், மரம் வளந்தா கூடும் கட்டும். வேடந்தாங்கல்ல நடக்குறதும் இதுதான், தண்ணிக்குள்ள நிக்குற மரத்துல கூடு, மேய்ச்சல் சுத்துவட்டார ஏரியிலயும் வயல்லயும். பறவை எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு எருன்னு தெரிஞ்ச ஊர்க்காரங்களே அந்தப் பறவைங்களைக் காத்தாங்க, 1798ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ் அவங்களுக்கு அதுக்கான உரிமையை எழுதியே குடுத்தார். 2022ல வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூணும் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேந்துச்சு. நம்ம தெரு முனை பார்க் ஏரி அந்த லிஸ்ட்ல வராது, ஆனா அங்க கூடு கட்டுற பறவை மேயறதுக்கு இங்கயும் வரும், அதுக்கு நடுவுல எல்லைக்கோடு ஒண்ணும் கிடையாது.

போட்டிங் விடுறதைப் பத்திக் கேட்டா, ஏரி முழுக்க சுத்தாம ஒரு பக்கத்தோட நிறுத்தினா பரவாயில்ல. ராத்திரி பூரா கலர் லைட் எரியறதுதான் எனக்குப் புரியாத சமாச்சாரம், யாரு பாக்குறாங்க அதை?

பிரெட், பிஸ்கெட், பொரி போடுறதை நிறுத்திடலாம். கோயில் குளத்துல மீனுக்குப் பொரி போட்டுப் பழகின கை, சும்மா இருக்காது, தெரியும். ஆனா வாத்துக்கு பிரெட்ல சத்து ஒண்ணுமில்ல, வயிறு மட்டும் ரொம்பும், சாப்பிடாம மிஞ்சினது அழுகி தண்ணியில பாசியைக் கிளப்பும், கரையில கெடக்குறதுக்கு எலியும் நாயும் வரும், நாய் வந்தா தரையில முட்டை போடுற ஆட்காட்டி கதி என்ன ஆகும். பசங்க கேட்டா, அந்தப் பறவைக்கு வேண்டிய சாப்பாடு ஏற்கனவே தண்ணிக்குள்ள இருக்குன்னு சொல்லி, அது கவுந்து மேயறதைக் காட்டுங்க, பிஸ்கெட் போடுறதை விட அவங்களுக்கு அதுதான் ஜாலியா இருக்கும்.

பாக்க ஆரம்பிக்க பெரிய செலவில்ல. காலையில ஆறுலேர்ந்து எட்டு மணிக்குள்ள போனா போதும். பைனாகுலர் வாங்குறதா இருந்தா 8x42ன்னு போட்டிருக்கறதைக் கேளுங்க, முதல் எண் எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கறது, ரெண்டாவது முன்பக்க கண்ணாடியோட அகலம் மில்லிமீட்டர்ல, அது பெருசா இருந்தா வெளிச்சம் அதிகம் உள்ள வரும். பன்னண்டு மடங்கு, இருபது மடங்குன்னு ஆசைப்பட்டா கை நடுங்குற நடுக்கமும் அத்தனை மடங்கா தெரியும். மெர்லின் ஆப் இலவசம், போட்டோ காமிச்சா பேர் சொல்லும், சிலசமயம் தப்பாவும் சொல்லும், அப்ப ஆழத்தைப் பாருங்க: இடுப்பளவு தண்ணியில மிதக்குறதைப் போய் உள்ளான்னு சொல்லுச்சுன்னா நம்பாதீங்க. பாத்ததை இபேர்டுங்கற பறவைப் பதிவு இணையதளத்துல ஏத்தி வைக்கலாம், வருஷா வருஷம் பொங்கல் லீவுல நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், யார் வேணா சேரலாம், உங்க ஏரிக்கரையில குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு என்ன பாத்தீங்க, எத்தனை பாத்தீங்கன்னு பதிஞ்சா போதும். பேர் தெரியாததை ஊகத்துல எழுதாம விட்டுடுங்க. பதியும்போது தண்ணி எந்த அளவு இருந்துச்சு, எதிர் ஓரத்துல சேறு தெரிஞ்சுதான்னும் குறிப்புல ரெண்டு வார்த்தை சேத்துடுங்க, நாளைக்கு அந்த ஏரிக்குத் திட்டம் போட வர்ற இன்ஜினியர்கிட்ட பேசும்போது பறவை லிஸ்ட்டை விட அந்தக் குறிப்புதான் கை குடுக்கும்.